ஆளுக்கொரு தனியறை

குடிநீர் வாரியத்தில் எல்லோரும் அவளைக் குட்டி மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் குட்டை இல்லை. பதவியும் அப்படியொன்றும் குட்டி இல்லை. கணினியை வேலைவாங்க அவள் எழுதுகிற ஸ்கிரிப்டுகள்தான் குட்டி. பத்து வரி, பதினைந்து வரி, மீறிப்போனால் ஒரு பக்கம். தொட்டி நிரம்பியதும் பம்பு அறைக்கு மணி அடிப்பது ஒன்று. குழாய் உடைந்த புகார்களைத் தெருவாரியாகப் பிரித்துப் போடுவது இன்னொன்று. வாரியம் ஊரைக் கூட்டி, விளக்கு ஏற்றித் தொடங்கிவைத்த பெரிய பெரிய மென்பொருள்களெல்லாம் தொடங்கிவைத்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்க, ஊருக்குத் தண்ணீர் போனது இந்தக் குட்டிகளின் தயவில்தான். அது யாருக்கும் தெரியாது. தெரியாதவரை நன்றாகத்தான் இருந்தாள்.

குட்டி ஸ்கிரிப்ட் எதுவும் தன் காலில் நிற்காது. யார் யாரோ முன்பே எழுதிவைத்த நிரல் தொகுப்புகளின், அதாவது லைப்ரரிகளின், தோளில் ஏறித்தான் நிற்கும். வாரியத்தில் எல்லா ஸ்கிரிப்டுகளும் ஒரே கணினியில், ஒரே லைப்ரரிகளைப் பங்குபோட்டுக்கொண்டு, கூட்டுக்குடும்பமாக வாழ்ந்துவந்தன. கூட்டுக்குடும்பச் சண்டையும் ஒருநாள் வந்தது. புகார் ஸ்கிரிப்டுக்கு வேண்டுமென்று யாரோ ஒரு லைப்ரரியைப் புது வெர்ஷனுக்கு மாற்றினார்கள். பம்பு ஸ்கிரிப்டுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, வாயை மூடிக்கொண்டு படுத்துவிட்டது. அன்று காலை பாதி ஊர் பல் தேய்க்கவில்லை.

அப்போதுதான் குட்டி மேடம் அந்தத் தப்பைச் செய்தாள். ஒரு நல்ல காரியம் செய்தாள்.

ஒவ்வொரு ஸ்கிரிப்டும் தனக்கு என்னென்ன வேண்டும், அதில் எந்த வெர்ஷன் வேண்டும் என்று தன் தலையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அவள் செய்த கருவி அந்தத் தலைக்குறிப்பைப் படிக்கும். அந்த ஸ்கிரிப்டுக்கு மட்டும் ஒரு தனியறை போடும். கேட்டதை மட்டும் கொண்டுவந்து உள்ளே வைக்கும். வெர்ஷன் சொல்லாவிட்டால் இருப்பதில் புதியதை வைக்கும். வேலை முடிந்ததும் அறையைக் கலைத்துவிடும். கூட்டல் கழித்தல் மாதிரி கணினி மொழியோடு கூடவே வருகிறவற்றை எழுதத் தேவையில்லை, மற்றதெல்லாம் எழுதியே ஆக வேண்டும். எழுதாதது அந்த அறைக்குள் கிடையாது. அவ்வளவுதான் விஷயம். ஒரு ஸ்கிரிப்டின் சண்டை இன்னொன்றின் காதில் விழவில்லை. ஊர் பல் தேய்த்தது.

இதை யாரோ இயக்குநரிடம் போய்ச் சொல்லித் தொலைத்தார்கள்.

இயக்குநர் ஒரு வாரம் யோசித்தார் என்கிறார்கள். யோசித்ததன் விளைவாகக் கூட்ட அரங்கில் எல்லோரையும் உட்காரவைத்தார். ஒரு உதவியாளர் மைக்கைப் பிடிக்க, இன்னொருவர் பேச்சுத் தாளைப் பிடிக்க, மூன்றாவது ஆள் அவர் கண்ணாடியைத் துடைத்து மூக்கில் மாட்டிவிட, அவர் பேசினார்.

"நம்ம வாரியத்தோட நோயே இந்தச் சார்புதான். எல்லாரும் எல்லாரையும் சார்ந்திருக்காங்க. பியூனை நம்பி கிளார்க், கிளார்க்கை நம்பி ஆபீஸர். குட்டி மேடம் ஸ்கிரிப்டுக்குச் செஞ்சதை நான் மனுஷங்களுக்குச் செய்யப்போறேன். திங்கட்கிழமை முதல் ஆளுக்கொரு தனியறை. உங்களுக்கு என்ன வேணுமோ அதை மெஷின்கிட்ட அறிவிங்க. அறிவிச்சது உள்ள இருக்கும். அறிவிக்காதது இருக்காது. வேலை முடிஞ்சா அறை கலைஞ்சிடும்."

"அறை கலைஞ்சா உள்ள இருக்கற ஆள் சார்?" என்று யாரோ ஈனஸ்வரத்தில் கேட்டார்கள்.

"அறிவிப்பைப் பார்த்து மெஷின் உடனே புதுசா ஆக்கிக் குடுத்துடும். சுத்தமா, பழைய குப்பை எதுவும் இல்லாம."

"வேலையில தோத்துட்டா சார்?"

இயக்குநர் சிரித்தார். முன்வரிசையும் சிரித்தது. "தோல்வியா? நம்ம வாரியத்துல ரெண்டு வருஷமா ஒரு தோல்விகூடப் பதிவாகலை, தெரியுமில்ல? அப்படியே ஒண்ணு வந்துதுன்னா அந்த அறையைக் கலைக்கமாட்டோம். தப்பு யார் மேலன்னு கண்டுபிடிக்க வேண்டாமா? அப்படியே வெச்சிருந்து, சுவத்தை உடைச்சு, ஆளை வெளிய இழுத்து விசாரிப்போம்."

ரெண்டு வருஷமாகத் தோல்வி ஏன் பதிவாகவில்லை என்பது குட்டி மேடத்துக்குத் தெரியும். அவர் உத்தரவின்பேரில் அவள்தான் எல்லா ஸ்கிரிப்டின் வாலிலும் ஒரு மூடி போட்டிருந்தாள். உள்ளே என்ன கருகினாலும் சரி, கடைசியில் 'வெற்றி' என்று சொல்லி முடி என்பது அந்த மூடி.

அவள் எழுந்தாள். "சார், இது ஸ்கிரிப்டுக்காக எழுதினது. மனுஷங்களுக்கு ஒத்துவராது சார். பயமா இருக்கு."

"அடக்கத்தைப் பாருங்க," என்றார் இயக்குநர் அரங்கத்தைப் பார்த்து. எல்லோரும் கைதட்டினார்கள். "நகராட்சிக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதே திங்கட்கிழமை பள்ளிக்கூடங்கள்லயும் ஆரம்பிக்கறாங்க. சாயங்காலம் பெல் அடிச்சதும் பிள்ளைங்க அறிவிப்புக் குடுப்பாங்க."

"உங்களுக்கு எந்த அறை சார்?" என்று கேட்டார் கணக்கர்.

"எனக்கெதுக்குய்யா அறை? நான் யாரையும் சார்ந்தவன் இல்லை," என்று சொல்லிவிட்டு, நாற்காலியைப் பின்னால் இழுக்க ஆள் வரும்வரை எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

குட்டி மேடம் பள்ளிக்கூடம் என்ற சொல்லோடு நின்றுவிட்டாள். இரண்டாம் வகுப்பில் அவள் மகள் இருக்கிறாள். பெயருக்கேற்ற ஆள், வாலு. அப்பாவுக்குக் கப்பலில் வேலை, வீட்டுக்கு வருவதே விருந்தாளி மாதிரி. தாயும் மகளும் ஒருத்திக்கு ஒருத்தி.

திங்கட்கிழமை காலை வாலு ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் ஒன்றும் இல்லாமல், கதவிடுக்கில் ஓடும் எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தனை தடவைடி சொல்றது!" என்று குட்டி மேடம் கத்தினாள். பயத்தில் கத்தினாள், ஆனால் கத்தல் கத்தல்தானே. பள்ளி வாசலில் குனிந்து மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு பெல் அடிச்சதும் ஏதோ மெஷின்ல பேசச் சொல்லுவாங்க. நான் வந்துடறேன். நான் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதே."

"நீ லேட்டா வந்தா?"

"வரமாட்டேன்."

"எப்பவும் லேட்டாத்தான் வருவ," என்று சொல்லிவிட்டு வாலு உள்ளே ஓடிப்போனாள்.

வாரியத்தின் வராந்தாவில் மெஷின் வைத்திருந்தார்கள். ஆள் உயரத்தில் ஒரு சாம்பல்நிறப் பெட்டி. வாய்வைத்துப் பேச ஒரு சல்லடை. ஒவ்வொருவரும் பேசப் பேச, பக்கத்தில் வெள்ளைச் சுவர்கள் எழும்பி ஒரு அறை முளைத்தது. முன்பக்கத்தை மூடும்வரை எட்டிப்பார்க்கலாம். வரிசையில் நின்றவர்கள் எட்டிப்பார்த்துச் சிரித்தார்கள். குட்டி மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

கணக்கர் "டீ" என்றார். டம்ளர் என்று சொல்லவில்லை. டீ வந்தது, கொதிக்கக் கொதிக்க, அவர் மடியில். அவர் அலறியதை மெஷின் குறித்துக்கொண்டு, 'டீ கிடைத்தது' என்று எழுதியது.

தட்டச்சர் அம்மா "நாற்காலி" என்றார். எந்தப் பதிப்பு என்று சொல்லாததால் இருப்பதிலேயே புதியது வந்தது. புதிய நாற்காலியில் கால்கள் கிடையாது. கால்கள் கைவிடப்பட்டுவிட்டன என்றும், நாற்காலியைப் பயன்படுத்துவோர் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்றும் மெஷின் சொன்னது. அந்த அம்மா தரையில் உட்கார்ந்து, தலைக்கு மேலே இருந்த மேசையை அண்ணாந்து பார்த்தார்.

அனுபவசாலியான கண்காணிப்பாளர் "கையெழுத்து" என்றார். கையெழுத்துக்கு அதிகாரி வேண்டுமே, அவர் வந்தார். அந்த அதிகாரிக்கு மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும், அவரும் வந்தார். அவருக்குக் குழு வேண்டும். குழுவுக்குத் தலைவர், தலைவருக்குச் செயலர். ஒருவர் தோளில் ஒருவர் ஏறி அறை கூரைவரை நிரம்பிய பிறகு பார்த்தால், பேனாவை யாரும் அறிவிக்கவில்லை. சுவர் மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து வந்த முனகலும் அதோடு நின்றது.

வால்வுப் பிரிவில் ஒரு பொறியாளர் இருந்தார். எதையும் முதலில் முடிப்பவர், அதனால் மின்னல் என்று பெயர். "மேசை, நாற்காலி, கணினி, வால்வு வரைபடம்," என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, குட்டி மேடத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். "மதியத்துக்குள்ள முடிச்சுட்டு வீட்டுக்கு ஓடிடுவேன் மேடம்."

அவள் முறை வந்தது. மற்றவர்கள் எங்கெங்கே சறுக்கினார்களோ அங்கெல்லாம் கவனமாகக் கால்வைத்தாள்.

"மேசை. நாற்காலி, பழைய பதிப்பு, நாலு கால் உள்ளது. கணினி. அதுல எல்லா அறைகளோட பதிவும் தெரியணும். தண்ணி. டம்ளர். விளக்கு. பேனா. போன். கைப்பை." கொஞ்சம் யோசித்தாள். "கதவு."

வரிசையில் ஒரு சலசலப்பு. அதுவரை ஒருத்தருக்கும் கதவு தோன்றவில்லை. பின்னால் நின்றவர்கள் "கதவு, கதவு" என்று மனப்பாடம் செய்துகொண்டார்கள். அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. "அவ்வளவுதான்," என்றாள். உள்ளே போனாள். சுவர் மூடிக்கொண்டது.

அன்றைக்கு அவளுக்கு இருந்தது ஒரே வேலைதான். பெரிய தொட்டியைக் கவனிக்கும் ஸ்கிரிப்ட். திரையில் தண்ணீர் ஒரு நீலக் கோடாக ஏறும். நிரம்பியதும் ஸ்கிரிப்ட் மணி அடித்து, 'வெற்றி' என்று சொல்லி, முடிந்துவிடும். ஓடவிட்டாள். நாற்காலிக்கு நாலு கால். டம்ளரில் தண்ணீர். எல்லாம் கேட்டபடி. பயந்ததெல்லாம் வீண் என்றுகூட நினைத்தாள்.

மதியவாக்கில் பதிவைத் திறந்து பார்த்தாள். தட்டச்சர் அறை: நடைபெறுகிறது. கணக்கர் அறை: நடைபெறுகிறது. கணக்கர் இன்னும் முதல் வரியைத் தாண்டவில்லை. முப்பது வருஷமாக அவர் எந்த வேலையையும் முடித்ததில்லை. வாரியத்திலேயே பத்திரமான மனிதர் அவர்தான்.

அதற்கடுத்து மின்னல். 'வேலை முடிந்தது. வெற்றி. அறை கலைக்கப்பட்டது. ஊழியர் புதிதாக ஆக்கப்பட்டார். வாசல் பணிக்கு அனுப்பப்பட்டார்.' அதன் கீழே மெஷின் வாசலில் கேட்ட பேச்சையும் குறித்துவைத்திருந்தது. ஒரு பெண் சாப்பாட்டுப் பையோடு வந்திருக்கிறாள்.

'என்னங்க, இதை மறந்துட்டு வந்துட்டீங்க.'

'யாரும்மா நீங்க? புகாரா? புகார்னா ரெண்டாவது ஜன்னல்.'

'விளையாடாதீங்க. நான்தாங்க.'

'ரெண்டாவது ஜன்னல்மா. வரிசையில வாங்க.'

'அந்தப் பெண் அழுதார். ஊழியர் ஜன்னலைக் கைகாட்டினார். சேவைத் தரம்: மிகச் சிறப்பு.'

குட்டி மேடம் அதை இரண்டு தடவை படித்தாள். அட பாவி மனுஷா என்று வாய்விட்டுச் சொன்னாள். வரைபடம்வரை ஞாபகம் வைத்துச் சொன்ன ஆளுக்குப் பெண்டாட்டியைச் சொல்லத் தோன்றவில்லையே! சொல்லாதது இல்லை. புதிதாக ஆக்கிய மின்னலுக்குள் அவள் இல்லை. பாவம், அந்தப் பெண் சாயங்காலம்வரை இரண்டாவது ஜன்னலில் நின்றுகொண்டிருப்பாள். எவ்வளவு அஜாக்கிரதை என்று நினைத்தபடியே தன் தலைக்குறிப்பை எடுத்து மேலிருந்து கீழாகப் பார்த்தாள். மேசை. நாற்காலி. கணினி. தண்ணீர். டம்ளர். விளக்கு. பேனா. போன். கைப்பை. கதவு.

மறுபடியும் கீழிருந்து மேலாகப் பார்த்தாள்.

கைப்பையைத் திறந்தாள். அதில் எப்போதும் வாலுவின் ரிப்பன் ஒன்று கிடக்கும். ஓடும்போது அவிழ்ந்து விழும், எடுத்துப் போட்டுக்கொள்வாள். ரிப்பன் இல்லை. பை மட்டும் இருந்தது, கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல. போனை எடுத்தாள். திரையில் மகளின் பொக்கை வாய்ச் சிரிப்பு இருந்த இடத்தில் வெறும் சாம்பல். பள்ளிக்குப் போன் போட்டாள். 'பள்ளி: அப்படி ஒன்று இல்லை' என்றது. 'மகள்' என்று தேடினாள்.

'மகள்: அப்படி ஒன்று இல்லை.'

அவள் வாழ்நாளில் எத்தனையோ ஸ்கிரிப்ட் இந்த மாதிரிச் செய்தி காட்டியிருக்கிறது. ஓஹோ, எழுத மறந்துட்டோம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டு டீ குடிக்கப் போவாள். இப்போது வரி சேர்க்கச் சல்லடை சுவருக்கு வெளியே இருந்தது. மறந்தா போனாள்? காலையிலிருந்து வேறு நினைப்பே இல்லையே. சல்லடையில் வாய்வைத்துப் பேசும்போதும் அவளுக்காகத்தானே நடுங்கினாள். கூடவே இருக்கிறவளை எதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அல்லவா இருந்துவிட்டாள். கூட்டலையும் கழித்தலையும் யார் அறிவிக்கிறார்கள்!

கதவு! ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். நல்ல கதவு, உடனே திறந்தது. அதற்கு அப்பால் வெள்ளைச் சுவர் இருந்தது. 'வெளியே: அறிவிக்கப்படவில்லை' என்றது மெஷின், பெட்டியில் பேசிய அதே தணிந்த குரலில்.

சுவரில் கையால் குத்தினாள். "திறங்க! யாராவது திறங்க!" சத்தம் சுவரைத் தாண்டவில்லை. தாண்டக் கூடாது என்று எழுதியதே அவள்தான். ஒரு அறையின் சண்டை இன்னொரு அறையின் காதில் விழாது. எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று அவளே பாராட்டியிருக்கிறாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

திரும்பித் திரையைப் பார்த்தாள். நீலக் கோடு முக்கால்வாசி ஏறியிருந்தது.

தொட்டி நிரம்பினால் வேலை முடியும். வேலை முடிந்தால் அறை கலையும். கலைந்த மறுநொடி அவளைப் புதிதாக ஆக்குவார்கள். மேசை தெரிந்தவளாக, டம்ளர் தெரிந்தவளாக, வெளியே கொண்டுபோய் நிறுத்துவார்கள். பெல் அடித்து, யாரும் வராமல், சாயங்காலம் ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டே வாரியத்து வாசலுக்கு வருவாள். 'யாரும்மா நீ?' என்று தன் வாய் சொல்வது தன் காதிலேயே கேட்டது. 'ரெண்டாவது ஜன்னல்மா.'

ஸ்கிரிப்டை நிறுத்தப் போனவள், விரல் பட்டனைத் தொடுமுன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நிறுத்தினாலும் மூடி இருக்கிறதே! நிறுத்து, உடை, நெருப்பு வை, எது செய்தாலும் அது 'வெற்றி' என்றுதான் சொல்லும். வெற்றி என்று சொன்ன நொடியே அறை கலையும். உள்ளே இருப்பவர்கள் ஒருத்தரும் தப்பிக்க முடியாதபடி வாரியம் அத்தனை பேரையும் வெற்றிபெற வைத்திருந்தது.

நீலக் கோடு ஏறிக்கொண்டே இருந்தது. தண்ணீருக்கு என்ன தெரியும்.

மேசைக்கடியில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மகளின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். வந்தது. ஆனால் விழுந்த பல் மேலே இடப்பக்கமா வலப்பக்கமா? ஞாபகமில்லை. நேற்றுத் தெரிந்ததுதான். இப்போது தெரியவில்லை. அடி வயிற்றிலிருந்து ஒரு அலறல் கிளம்பியது. அந்த அலறலோடு சேர்ந்துதான் இயக்குநரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. முன்வரிசையின் சிரிப்பும். 'தோல்வியா? நம்ம வாரியத்துலயா?'

தோற்ற அறையை மட்டும் கலைக்கமாட்டார்கள். சுவரை உடைத்து ஆளை இழுப்பார்கள்.

பதறி எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஓடுகிற ஸ்கிரிப்டைத் தொடவில்லை. பக்கத்தில் புதிதாக இன்னொன்று திறந்தாள். இரண்டு வருஷமாக அவள் மூடி இல்லாமல் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியதில்லை. விரல்கள் பழக்கத்தில் தானாகவே மூடியை எழுதிவிட்டன. அழித்தாள். மறுபடியும் எழுதின. மறுபடியும் அழித்தாள். நீலக் கோடு விளிம்பைத் தொட விரற்கடை தூரம் இருந்தது. வாழ்க்கையிலேயே சின்ன ஸ்கிரிப்டை எழுதினாள். ஒரே வரி. மகளைக் கூப்பிடு.

ஓடவிட்டாள்.

'மகள்: அப்படி ஒன்று இல்லை.' இந்தத் தடவை எழுத்து சிவப்பாக வந்தது. மூட எதுவும் இல்லாததால் அது நிற்காமல் திரையைத் தாண்டி, அறையைத் தாண்டி, இயக்குநரின் மேசைமேல் இதுவரை எரிந்தே இராத ஒரு விளக்குவரை போய் நின்றது. அறைமேல் 'தோல்வி' என்று விழுந்தது. அதற்குப் பிறகுதான் தொட்டி நிரம்பி மணி அடித்தது. அறை கலையவில்லை.

சுவரை உடைத்துக்கொண்டு இயக்குநர் வந்தார், கூடவே உதவியாளர்கள். ஒருவர் சுத்தியலைப் பிடித்திருக்க, ஒருவர் தூசிக்காக அவர் மூக்கைக் கைக்குட்டையால் மூடியிருந்தார்.

"மேடம், உங்க பேர்ல ஒரு தோல்வி பதிவாகியிருக்கு. வாரியத்துலயே முதல் தோல்வி. எதைத் தேடினீங்க?"

"என் பொண்ணை சார்."

"அறிவிச்சீங்களா?"

"இல்லை சார்."

"பாத்தீங்களா, மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு." அவர் உதவியாளர்கள் பக்கம் திரும்பினார். அவர்கள் தலையாட்டினார்கள். "ஒரு வார்த்தை 'வெற்றி'ன்னு போட்டிருந்தா இந்நேரம் நீங்க கவலையே இல்லாத ஆளா வெளிய வந்திருப்பீங்க. மின்னலைப் பாருங்க. மத்தியானத்திலிருந்து லீவு கேக்கலை, வீட்டுக்குப் போகணும்னு சொல்லலை, சாப்பாடுகூடக் கேக்கலை. வீட்டுக்காரம்மா வந்து அழுதாங்களாம், அதுக்கும் அசையலை. இப்படி ஒரு ஊழியருக்காகத்தான் நான் இத்தனை வருஷம் ஏங்கினேன். உக்காருங்க, விளக்கம் எழுதுங்க. உங்களை நம்பித்தானே நான்..." என்று ஆரம்பித்தவர், தான் யாரையும் சார்ந்தவரில்லை என்பது ஞாபகம் வந்து, இருமினார்.

அவர் இருமி முடிப்பதற்குள் குட்டி மேடம் சுவர் உடைந்த ஓட்டைக்குள் பாய்ந்திருந்தாள். ஒரு செருப்பு செங்கலில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டாள்.

வாசலில் மின்னல் விறைப்பாக நின்றிருந்தார். "புகார்னா ரெண்டாவது ஜன்னல்," என்றார் அவளைப் பார்த்து. இரண்டாவது ஜன்னல் வரிசையில் அவர் மனைவி சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவரையே பார்த்தபடி நின்றிருந்தாள். குட்டி மேடம் அவளை ஒருமுறை பார்த்தாள். நிற்கவில்லை. நிற்க நேரமில்லை. பெல் எப்போதோ அடித்திருக்கும்.

பள்ளி வாசலில் பிள்ளைகளின் வரிசை தெருமுனைவரை நின்றது. பெற்றோர்கள் முணுமுணுத்தார்கள். வரிசை நகரவே இல்லை. முன்னால், அதே மாதிரியான ஒரு சாம்பல்நிறப் பெட்டிக்கு முன்னே, ஸ்டூல் போட்டு ஏறி நின்று, வாலு பேசிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தது. யார் கேட்டது!

"உங்க பொண்ணா?" என்று டீச்சர் பாய்ந்து வந்தார். "பெல் அடிச்சதிலிருந்து நிறுத்தாம அறிவிக்கறா மேடம். மத்த பிள்ளைங்க எல்லாம் பை, பென்சில்னு சொல்லிட்டு இறங்கவேண்டியவங்க. இவளால ஒருத்தர்கூட அறைக்குப் போகலை."

"...எறும்பு. சிவப்பு இல்ல, கறுப்பு, கதவிடுக்குல இருக்கறது. மாடிப்படியில உடைஞ்ச படி. பென்சில் சீவின தூள். மழை. மழைக்கப்புறம் வர்ற வாசனை. பக்கத்து வீட்டு நாய். அது குரைக்கறது. அப்பாவோட கப்பல். கப்பலுக்குக் கடல். கடலுக்கு..."

குட்டி மேடம் மூச்சிரைக்க ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். நாய் வந்தது, எறும்பு வந்தது, அப்பா கப்பலோடு வந்தார். அவள் வரவில்லை.

"என்னைச் சொன்னியாடி?"

வாலு திரும்பிப் பார்த்தாள். "நீ லேட்டு."

"அதை விடு. அம்மான்னு சொன்னியா இல்லையா?"

"இல்லை."

"ஏன்டி?"

"நீ கூடவேதானே வருவ?" என்றாள் வாலு. இது ஒரு கேள்வியா என்பதுபோலப் பார்த்தாள். "அதை எதுக்குச் சொல்லணும்?"

'அறிவிப்பு முடிந்ததா?' என்றது மெஷின். ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பத் தொடங்கியது.

"முடியலை!" என்று குட்டி மேடம் அலறிய அலறலில் வரிசையே திரும்பியது. "சொல்லு. இப்பவே சொல்லுடி."

"அம்மா," என்றாள் வாலு சல்லடையில்.

'எந்தப் பதிப்பு? குறிப்பிடாவிட்டால் புதியது அனுப்பப்படும்.'

குட்டி மேடத்துக்குக் கால் இல்லாத நாற்காலி ஞாபகம் வந்தது. புதிய அம்மாவில் எதையெல்லாம் கைவிட்டிருப்பார்களோ! வாலு குழம்பிப்போய் அவளைப் பார்த்தாள். "அப்படின்னா என்னம்மா?"

"எந்த மாதிரி அம்மா வேணும்னு கேக்குது," என்றாள். இதைவிடப் பயமான கேள்வியை அவள் அன்று முழுக்கக் கேட்கவில்லை. புதியது கத்தாது. நேரத்துக்கு வரும். இரண்டு காலிலும் செருப்பு இருக்கும். குழந்தைதானே, நல்லதாக ஒன்று கேட்டால் யார் குறை சொல்ல முடியும்?

வாலு அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். தலையில் சுண்ணாம்புத் தூள், ஒற்றைச் செருப்பு. ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு சல்லடையோடு வாயை ஒட்டிவைத்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னாள்.

"லேட்டா வர்ற அம்மா. காலையில கத்துற அம்மா. அது மட்டும்தான். வேற அனுப்பாதீங்க."

மெஷின் உள்ளுக்குள் எதையோ நெடுநேரம் உருட்டியது. 'அப்படி ஒன்றுதான் இருக்கிறது,' என்றது கடைசியில். 'வாசலிலேயே நிற்கிறது. சார்புகள் மிக அதிகம். இந்தக் குழந்தைக்குத் தனியறை அமைக்க இயலாது. தோல்வி.' பாதி எழும்பிய சுவர் அப்படியே நின்றுவிட்டது. பெட்டியின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஃபெயிலா!" என்று டீச்சர் தலையில் கைவைத்தார். "இனிமே விசாரணை அது இதுன்னு என் உயிரை எடுப்பாங்களே!"

குட்டி மேடம் மகளைத் தூக்கி இறக்கினாள். கையைப் பிடித்தாள். நடக்கவில்லை, இழுத்துக்கொண்டு ஓடினாள். நாளைக்கு இயக்குநர் வருவார், விளக்கம் கேட்பார், ஒரே வீட்டில் இரண்டு தோல்வி என்று குழு போடுவார். வரட்டும். இன்றைக்கு இந்தக் கை சூடாக இருக்கிறது.

"அம்மா, மெதுவா. ரிப்பன் அவுந்துபோச்சு. நான் எங்கேயும் போகமாட்டேன்."

"வாயை மூடிக்கிட்டு வேகமா நடடி!" என்று கத்தினாள் குட்டி மேடம். கத்தும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது.

வாலு நிமிர்ந்து அந்த முகத்தை ஒருதரம் சரிபார்த்துக்கொண்டாள். இதுதான். பிறகு மேலே இடப்பக்கம் பல் விழுந்த வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே, கூட ஓடினாள்.